நட்கிராக்கரில் இரண்டு புதியவர்களோடு: எங்கே சறுக்கினேன்?

#1 ஒத்தைக்கயிறு

திட்டு வாங்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். யாருக்கும் எலும்பு முறியவில்லை, மீட்புக்குழுவைக் கூப்பிடவில்லை. ஆனாலும் மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

போன சனிக்கிழமை கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் பாறையேற்றம். மென்யூர் பைல் பட்ரஸ் என்ற பாறை (மச்சினன் வைத்த பெயர் எருக்குழிப் பாறை), அதில் நட்கிராக்கர் என்ற வழி, கடினம் 5.8, ஐந்து பிட்ச், அதாவது கயிற்றின் நீளத்துக்குள் ஏறும் கட்டங்கள் ஐந்து. இதற்கு முன் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். இரண்டு தடவையும் என்னைவிடக் கெட்டிக்கார ஆட்களோடு போனது. இந்தத் தடவை வந்தவர்கள் இரண்டு பேர். என் மனைவியின் தம்பி, பாறையேற்ற ஜிம்மில் எட்டு மாதம். அவனுடைய ரூம்மேட், ஜிம்மில் 5.8-ஐவிடக் கடினமான 5.10 வழிகளை லீட் செய்கிறவன் (முதல் ஆளாகக் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவது), வெளியிலும் போல்ட் அடித்த வழிகள் ஏறியிருக்கிறான். ட்ராட் (விரிசலில் நாமே சாமான் செருகி ஏறி, பின்னால் வருகிறவர் அதைக் கழற்றிக்கொண்டு வருவது) இரண்டு பேருக்கும் புதுசு. எல்லா லீடும் நான்தான் என்று முன்னாலேயே பேச்சு.

வெள்ளி ராத்திரி நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். காலை 8:30-க்குப் பாறையடியில். எங்களுக்கு முன்னால் இரண்டு குழு. வரிசையில் நின்று நான் கிளம்பும்போது 10:15.

இரண்டு 9.8 மில்லிமீட்டர் கயிறு, இரண்டையும் இழுத்துக்கொண்டு நான் ஏறி, ஆளுக்கொரு கயிற்றில் இரண்டு பேரையும் சேர்த்து கைட் மோடில், அதாவது கயிறு பிடிக்கும் பெலே கருவியை ஆங்கரில் (பிட்ச் முடிவில் பாறையில் கட்டும் பிடிமானம்) தொங்கவிட்டு, மேலே கொண்டுவருவது. இதுதான் திட்டம்.

முதல் பிட்ச் அருமை. இரண்டாவதில், மேலே வந்து சேர்ந்தவர்கள் பாறைத் திட்டில் இடம் வலம் மாறி நின்றுவிட்டார்கள். கயிறு இரண்டும் பின்னலாகிப் பிரிக்க 25 நிமிடம். மூன்றாவதில் என் சிவப்பு கேமலாட் (விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் கேம்) சிக்கியது. ரூம்மேட் கழற்றப் பார்த்து இன்னும் உள்ளே தள்ளிவிட்டான். 40 நிமிடம் போராடி அப்படியே விட்டுவிட்டோம். மூன்றாவது பிட்ச் முடியும்போது மணி 3:10.

அசலான கூத்து கடைசி பிட்ச்சில். அங்கே ஒரு மேண்டல் இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கைகளை விளிம்பில் அழுத்தி, காலை மேலே தூக்கி வைத்து எழுந்து நிற்க வேண்டிய இடம். ரூம்மேட் தட்டுத்தடுமாறி வந்துவிட்டான். மச்சினன் வழுக்கிக் கயிற்றில் தொங்கிவிட்டான். நான் இருந்த இடத்திலிருந்து அவன் தெரியவில்லை. காற்று வேறு. அவன் கத்தியது எனக்கு "விடாதீங்க அத்தான்" என்று கேட்டது. சரி, இறுக்கிப் பிடித்தேன். முடிந்த அளவுக்கு மேலே இழுக்கவும் செய்தேன். மறுபடி கத்தினான், மறுபடி இழுத்தேன்.

அவன் சொன்னது "விடுங்க அத்தான்". கால் வைக்கும் திட்டு அவனுக்கு ஒன்றரை அடி கீழே இருந்திருக்கிறது. அரை மீட்டர் கயிறு விட்டிருந்தால் நின்று மூச்சு வாங்கியிருப்பான். நான் இருபது நிமிடம் அவனை மூட்டையைப் போலத் தொங்கவிட்டிருக்கிறேன். விஷயம் புரிந்த பிறகும் கயிறு விட முடியவில்லை, ஏனென்றால் கருவி எடையில் இறுகிக் கிடந்தது. கடைசியில் அவனே எப்படியோ பக்கத்து விரிசலில் காலைச் செருகி ஏறிவந்தான்.

மூன்று பேரும் உச்சியில் சேர்ந்தது 6:40. இருட்டு. தலைவிளக்கு ஒன்று, அதுவும் என்னுடையது. மற்ற இருவரும் போன் வெளிச்சம். சாதாரணமாக அரை மணியில் இறங்கும் சரிவில் ஒன்றரை மணி நேரம்.

எங்கே சறுக்கினேன்? வரிசையாகச் சொல்லுங்கள். தாங்கிக்கொள்கிறேன்.

#2 உடும்பு

கேட்டதற்காகச் சொல்கிறேன்.

மூன்று பேர் ஏறி முடிக்க உங்களுக்கு ஆனது 8 மணி 25 நிமிடம். ஒரு பிட்ச்சுக்கு 101 நிமிடம். பழகிய இரண்டு பேர் இந்த வழியில் பிட்ச்சுக்கு 40 நிமிடம் எடுப்பார்கள். மூன்றாவது ஆளுக்கும் புதியவர்களுக்குமாக 30 நிமிடம் சேர்த்தால் 70. ஐந்து பிட்ச்சுக்கு ஆறு மணி நேரம் கொஞ்சம் குறைய. 10:15-க்குக் கிளம்பினால் எதுவுமே தப்பாகப் போகாவிட்டாலும் நாலு மணி. அக்டோபரில் ஆறரைக்குச் சூரியன் போய்விடும். சிக்கின கேம், பின்னின கயிறு, பயந்த ஆள், எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் கையில் இருந்தது இரண்டரை மணி நேரம். இந்தக் கணக்கைப் பாறையடியில் வரிசையில் நின்றபோதே போட்டிருக்கலாம். கையில் ஒன்றேமுக்கால் மணி நேரம் சும்மா இருந்ததே.

இரண்டாவது, ஏன் நட்கிராக்கர்? அதே பாறையில் சற்றுத் தள்ளி ஆஃப்டர் சிக்ஸ் இருக்கிறது. 5.7. கஷ்டமெல்லாம் முதல் பிட்ச்சிலேயே. அங்கே ஆள் முடியவில்லை என்றால் இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். மேலே போகப் போக எளிது, அகலமான திட்டு, மரம். நட்கிராக்கரில் கிரக்ஸ், அதாவது ஆகக் கடினமான இடம், கடைசி பிட்ச்சில். புதியவன் களைத்து, தாகமெடுத்து, பயந்து வரும் நேரத்தில் அவன் முன்னால் அந்த மேண்டல் நிற்கும். புதியவர்களைக் கூட்டிப்போகும்போது வழியின் எண்ணைப் பார்க்காதீர்கள், கிரக்ஸ் எந்த பிட்ச்சில் என்று பாருங்கள்.

லீட் செய்கிறவனுக்கும் அது நல்ல இடமல்ல. வழுக்கினால் கீழே திட்டு. அங்கே கணுக்கால் போனவர்கள் ஒன்றிரண்டு பேரில்லை. நீங்கள் வழுக்கியிருந்தால் அந்த இரண்டு பையன்களும் என்ன செய்திருப்பார்கள்? அவர்களுக்குக் கயிற்றைக் கட்டிவைத்துவிட்டுக் கையை விடுவிக்கத் தெரியுமா? ஆங்கர் கட்டத் தெரியுமா? இந்தக் கேள்விக்கு "தெரியாது" என்றால், நீங்கள் மூன்று பேர் ஏறவில்லை. கயிறு கட்டிக்கொண்டு தனியாக ஏறியிருக்கிறீர்கள்.

தலைவிளக்கு பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெட்கப்படுவீர்கள்.

#3 நாலாம்பிட்ச்

உடும்பு அண்ணே கொஞ்சம் மூச்சு வாங்க விடுங்க அவர.

எனக்கு அந்த கேம் மேட்டர்தான் மனசு ஆறல. 1967-ல ராயல் ராபின்ஸும் லிஸ் ராபின்ஸும் அந்த வழிய முதல்ல ஏறினப்ப ஒரு பிட்டன்கூட (பாறைல அடிக்கிற ஆணி) அடிக்கல. சுத்தியல் சத்தமே இல்லாம, வெறும் நட்டுகள (உலோக ஆப்பு) விரிசல்ல சொருகிச் சொருகிப் போனாங்க. அதுக்கு முந்தி இங்கிலாந்து போனப்ப பாத்துட்டு வந்த வித்த. பேரே அதனாலதான் நட்கிராக்கர். கேம் கடைக்கு வர்றதுக்கு 1978 ஆச்சு. அதாவது கேமே பொறக்காத காலத்துல கையால கழட்டுற சாமானோட ஏறின வழில நீங்க 80 டாலருக்குக் குறையாத ஒரு சாமான நட்டுட்டு வந்திருக்கீங்க. பாறைக்குக் காணிக்கை.

எந்த பிட்ச், எவ்வளவு உயரம்னு சொல்லுங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான் ;)

#4 தேன்சிட்டு

நான் வருஷத்துக்கு ஏழெட்டு தடவை புதியவர்களைக் கூட்டிப்போகிறேன், காசுக்காக இல்லை, பழக்கம். உடும்பு சொன்ன நேரக்கணக்கும் வழித் தேர்வும் சரி. அவர் தொடாத இரண்டு விஷயம்.

ஒன்று, கைட் மோட். இதைத் தானாக இறுகும் கருவி என்று எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். இறுகினதை எப்படி இளக்குவது என்பதைத் தரையில் நின்று பழகியவர்கள் பத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். எடை ஏறிய கருவியிலிருந்து கொஞ்சம் போல, ஒரு சாண் இரண்டு சாண் விட வேண்டுமென்றால், கயிற்றை அழுத்திக்கொண்டிருக்கும் பினரை (உலோகக் கொக்கி வளையம்) பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினால் சில சென்டிமீட்டராக இறங்கும். உங்கள் மச்சினனுக்கு வேண்டியிருந்த ஒன்றரை அடிக்கு இதுவே போதும், பொறுமை இருந்தால். அதற்கு மேல் வேண்டுமென்றால் கருவியின் சின்னத் துளையில் மெல்லிய ஸ்லிங்கை (நாடா வளையம்) கோத்து, ஆங்கரில் உயரமான ஒரு பினர் வழியாகத் திருப்பி, உங்கள் ஹார்னஸில் (இடுப்புப் பட்டை) மாட்டி, உங்கள் எடையைக் கொடுத்துக் கருவியைச் சாய்க்க வேண்டும். சாய்த்த கணம் அது இறுகும் கருவி இல்லை, திறந்த குழாய். சடாரென்று ஓடும். அதனால் பிரேக் கயிற்றில் (கையில் பிடிக்கும் பக்கம்) ப்ருசிக் (எடை விழுந்தால் கயிற்றைக் கவ்வும் சுற்று முடிச்சு) போட்டு அதை ஹார்னஸில் மாட்டாமல் தொடவே கூடாது.

முக்கியமானது இதுதான்: ஒரே கருவியில் இரண்டு பேர் இருந்தால், ஒருவருக்காகச் சாய்க்கும்போது மற்றவருடைய கயிறும் இளகும். அந்தக் கயிற்றின் பிரேக் பக்கம் முதலில் ஒரு முடிச்சைப் போட்டு ஆங்கரில் மாட்டிவிட வேண்டும். அன்றைக்கு ரூம்மேட் ஏற்கெனவே மேலே வந்து ஆங்கரில் நின்றதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது அதிர்ஷ்டம்.

இன்னொன்று, கேம். சிக்கினது ரூம்மேட்டின் தப்பு போல எழுதியிருக்கிறீர்கள். இல்லை. புதியவன் கழற்றப்போகும் கேமை அவன் இரண்டு காலிலும் நிம்மதியாக நிற்கிற இடத்துக்கு நேராக வைக்க வேண்டும். நீங்கள் உங்களுக்கு வசதியான இடத்தில் வைத்திருப்பீர்கள். அவன் ஒரு கையில் தொங்கிக்கொண்டு மறு கையால் கழற்றப் பார்த்திருப்பான். முழுக்கச் சுருங்கிய நிலையில் செருகியிருந்தால் இன்னும் மோசம், விசையை இழுத்தாலும் சுருங்க இடமிருக்காது. பாதி விரிவில் வை, நீளமான ஸ்லிங் போடு, கயிறு ஆட்டி ஆட்டி உள்ளே நடத்திக்கொண்டு போகாது. ஏறுவதற்கு முந்தின நாள் யோசெமிட்டியின் கூடாரத் தளமான கேம்ப் 4-இலேயே ஏதாவது ஒரு பாறாங்கல்லில் இருபது சாமான் செருகிக் கொடுத்து, நட் டூலை (செருகினதைக் கழற்றும் கொக்கிக் கம்பி) கையில் கொடுத்துக் கழற்றச் சொல்லியிருந்தால் அந்த 40 நிமிடம் மிச்சம். நான் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே வைத்துப் பழக்குவேன்.

#5 ஒத்தைக்கயிறு

உடும்பு சார், தாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன், தாங்கிக்கொண்டிருக்கிறேன். ஏன் நட்கிராக்கர்? நேர்மையாகச் சொன்னால், அதன் பெயருக்காக. அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. 1967 கதையை மூன்றாவது திட்டில் வைத்து நானே அவர்களுக்குச் சொன்னேன், கேம் சிக்கிக் கிடந்தபோது.

தேன்சிட்டு, பினரை ஆட்டும் வித்தை எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவன் "விடாதீங்க" என்று கெஞ்சுவதாக என் மூளை முடிவு கட்டிவிட்டது. இளக்க வேண்டும் என்றே நினைக்கவில்லை.

நாலாம்பிட்ச், மூன்றாவது பிட்ச், பாதிக்கு மேல், இடப்பக்கம் பார்க்கும் மூலையில். போய்விடாதே.

3:10-க்கு மூன்றாவது பிட்ச் முடிந்தபோது திரும்பியிருக்க வேண்டுமா? இதுதான் எனக்கு இன்னும் தெளியாத கேள்வி.

#6 உடும்பு

திரும்பியிருக்க வேண்டும். இரண்டு கயிறு இருந்தது. இரண்டு மணி நேரத்தில் தரை.

#7 தேன்சிட்டு

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் உடும்பு. போல்ட் ஆங்கர் உள்ள வழி என்றால் சரி. இங்கே மரத்தில் கயிற்றைப் போட்டோ சாமானை விட்டுவிட்டோ இறங்க வேண்டும். இரண்டு புதியவர்கள், ராப்பல் (கயிறு வழியாக இறங்குவது) அனுபவம் ஜிம்மில் ஒருநாள் வகுப்பு. விரிசல் நிறைந்த பாறையில் இரண்டு கயிற்றை முடிச்சுப் போட்டு இழுத்தால் சிக்குவதற்கு எத்தனை இடம்! கயிறு சிக்கினால் அதை எடுக்க யார் ஏறுவது? இவர்தான், களைத்தவர், மாலை ஐந்து மணிக்கு. மேலே போனால் இன்னும் இரண்டு பிட்ச், பிறகு நடந்து இறங்கும் சரிவு. இருட்டானாலும் அது நடைதான். நானாக இருந்தாலும் மேலேதான் போயிருப்பேன், மூன்று தலைவிளக்கோடு.

#8 உடும்பு

"மூன்று தலைவிளக்கோடு" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவரிடம் ஒன்று. அப்படியானால் பதில் மாறுகிறது.

#9 தேன்சிட்டு

மாறவில்லை. இருட்டில் ராப்பலுக்கும் அதே ஒற்றை விளக்குதானே.

#10 வடலி

ஷெஃபீல்டில இருந்து எழுதுறன். இஞ்ச நாங்கள் கனபேர் ஹாஃப் ரோப் வச்சிருக்கிறம், மூண்டு பேராப் போகேக்கயும் அது வசதி. மெல்லிசு, எட்டு எட்டரை மில்லிமீட்டர். உங்கட ரெண்டு 9.8-ஐயும் சேத்து இழுத்து இழுத்து முழங்கை வலிச்சிருக்குமே? ஆனா ஒண்டு, ஹாஃப் ரோப் ஒத்தையாப் பிடிக்கேக்க நல்லா நீளும். பின்னால வாறவன் திட்டுக்கு மேல நிண்டு வழுக்கினா, கயிறு இறுக்கமா இருந்தாலும் நீண்டே திட்டில இருத்திப்போடும்.

உங்கட ஆளுக்கு நடந்ததும் அதுதான் எண்டு நினைக்கிறன். உங்கட 9.8 மாதிரித் தடிச்ச கயிறெண்டாலும் 80 கிலோ எடைக்கு நூற்றுக்கு 8 வீதம் அளவில நீளும். 30 மீட்டர் வெளியில கிடந்தா ரெண்டு மீட்டருக்கு மேல. அவர் மேண்டல் விளிம்பில இருந்து வழுக்கி, கயிறு நீண்டு, திட்டுக்குக் கிட்டப் போய் நிண்டிருப்பார். பிறகு நீங்கள் மேல இழுத்து இழுத்துத் திட்டை அவருக்கு எட்டாமல் பண்ணியிருக்கிறியள்.

புதுசாப் பழக வாறவையை நான் வேல்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போறது, இட்வல் பாறைக்கு. ஹோப் எண்டொரு வழி, 1915-ல ஏறினது. சரிஞ்ச பாறை, கால் வைக்க நிறைய இடம், நூறு வரியத்துக்கு மேல சனம் ஏறி ஏறி வழவழத்துப் போச்சு. அங்க கீழ நிக்கிறவைக்கு நான் சொல்லுற முதல் விசயம்: குரல் கேக்காது எண்டு வச்சுக்கொண்டுதான் ஏற வேணும். கயிறு முழுக்க மேல போய் முடிஞ்சு, உங்கட இடுப்பை இழுத்தா, பத்து எண்ணிப்போட்டு, இன்னும் இழுபட்டா, நீங்கள் பெலேயில இருக்கிறியள், ஏறலாம். ஒண்டும் கத்தத் தேவையில்லை.

மற்றது, "விடுங்க" "விடாதீங்க" எண்டு ஆரும் கயிற்றில கத்துவினமா? நடுவில ஒரு "ஆத" காத்தில போனா ஆள் போச்சு.

#11 நாலாம்பிட்ச்

வடலி சொன்னது பாயிண்ட். தமிழ்ல 'வேண்டாம்'ங்கிறது வார்த்தைக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கு. இங்கிலீஷ்காரன் இறுக்க "டேக்", விட "ஸ்லாக்"னு ரெண்டு வார்த்தை வச்சிருக்கான், அதுலயே குழப்பம். தொய்வ இழுன்னு "டேக் அப் த ஸ்லாக்"னு ஒருத்தன் கத்துவான், மேல இருக்கிறவனுக்கு "ஸ்லாக்" மட்டும் கேக்கும், இன்னும் விடுவான்.

நம்ம ஆளுங்க தமிழ்ல என்ன சொல்றீங்க? நானும் என் பார்ட்னரும் "இறுக்கு" "இளக்கு".

#12 தேன்சிட்டு

இறுக்கு, இளக்கு. சத்தமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். இ-இல் தொடங்கி க்கு-இல் முடிகிறது. இதைவிட ஆபத்தான ஜோடியை வேண்டுமென்று தேடினாலும் கிடைக்காது.

#13 நாலாம்பிட்ச்

ஐயோ. ரெண்டு வருஷமா அதத்தான் கத்திக்கிட்டிருக்கேன்.

#14 சாவன்துர்கா

ஓசூர் பக்கம் என் ஊர், ஏறுவது பெங்களூரைச் சுற்றி. சாவன்துர்காவில் சரிந்த பாறை, போல்டுக்கும் போல்டுக்கும் நடுவே மைதானம் மாதிரி இடைவெளி, கத்தினால் எதிரொலிதான் வரும். நாங்கள் இரண்டு எழுத்து, ஆறு எழுத்து என்று வைத்துக்கொண்டோம். இறுக்க வேண்டுமென்றால் "பிடி". கயிறு வேண்டுமென்றால் "கொஞ்சம் கொடு", இழுத்து, பாட்டு மாதிரி. வார்த்தை புரியாவிட்டாலும் குட்டையா நீளமா என்று தெரியும். அதுவும் கேட்காது என்றால் கயிற்றைச் சுண்டுவது. ஆனால் சுண்டுவது ஏறும்போது இயல்பாகவே நடக்கும், அதனால் அதை நான் நம்புவதில்லை. எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் அத்தனை மேளத்துக்கும் நடுவே துண்டை வீசித்தான் தேரை நிறுத்துவார்கள். மேண்டலுக்கு அந்தப் பக்கம் துண்டும் தெரியாது, பாவம்.

மலிவான வாக்கி டாக்கி இரண்டு வாங்குங்கள். பலர் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அப்புறம், தொங்குகிறவனும் ஏதாவது செய்ய முடியும். 60 சென்டிமீட்டர் ஸ்லிங்கைக் கயிற்றில் ப்ருசிக் போல் சுற்றி அதில் காலை வைத்து எழுந்து நின்றால் மேண்டல் விளிம்பு கைக்கு எட்டும். பூங்காவில் ஒரு மரத்தில் கட்டிப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். அவன் ஹார்னஸில் அன்று ஒரு ஸ்லிங்காவது இருந்ததா?

#15 ஒத்தைக்கயிறு

இருந்தது. எதற்கு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "மாட்டிக்கோ, தேவைப்படும்" என்றேன்.

#16 எருக்குழி

வணக்கம். இந்த இழைக்காகத்தான் கணக்குத் தொடங்கினேன். நான்தான் அந்த மூட்டை.

முதலில், அத்தான் எழுதியதைப் படித்தால் நான் இருபது நிமிடம் அழுதுகொண்டு தொங்கின மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. காட்சி நன்றாக இருந்தது. எதிரே சாயங்கால வெயிலில் கதீட்ரல் பாறைகள். பயம் முதல் ஐந்து நிமிடம்தான். பிறகு கால் மரத்துப்போகிறதே என்ற கவலை மட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. இதை நேரில் சொல்ல மூன்று நாளாக முயற்சி செய்தேன், வாய் வரவில்லை.

மூன்றாவது பிட்ச் முடிவில் நான் முதலில் ஆங்கருக்கு வந்து சேர்ந்தேன். ரூம்மேட் கீழே கேமோடு போராடிக்கொண்டிருந்தான், அப்பப்போ கயிற்றில் உட்கார்ந்து உட்கார்ந்து. நான் நின்ற இடத்தில் பெலே கருவி என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதை ஆங்கரில் மாட்டியிருந்தது பெரிய பினர், திருகு மூடாமல் இருந்தால் சிவப்புக் கோடு தெரியுமே, அந்த வகை. சிவப்புக் கோடு தெரிந்தது.

அதாவது அவன் முழு எடையும், நான் ஏறி வந்த வரைக்கும் என் எடையும், திருகாத பினரில்.

ஜிம்மில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் இது. எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தோன்றியது: அத்தான் ஆறு வருஷமாக ஏறுகிறார், ட்ராடில் வேறு முறை இருக்கும் போல, இரண்டு கயிறு என்பதால் வேண்டுமென்றே விட்டிருப்பார். கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பார். தப்பாக இருந்தால் இன்னும் சங்கடம், ரூம்மேட் முன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். கேம் சிக்கினதில் அவர் ஏற்கெனவே எரிச்சலாக இருந்தார். அந்த 40 நிமிடமும் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரூம்மேட் மேலே வந்து, அத்தான் தண்ணீர் குடிக்கத் தலையைத் திருப்பியபோது, கையை நீட்டி மெல்லத் திருகி மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு ஆங்கரிலும் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். மூடியிருந்தது.

#17 நாலாம்பிட்ச்

தம்பி.

#18 ஒத்தைக்கயிறு

எனக்கு இது இப்போதுதான் தெரியும். இதைப் படித்துவிட்டு ஆபீஸில் எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அந்த ஆங்கர் கட்டும்போது கீழே இருந்து "சீக்கிரம் அத்தான், பின்னாடி இன்னொரு குழு வருது" என்று குரல் கேட்டது. அவசரமாகக் கருவியை மாட்டி, கயிறு இரண்டையும் போட்டு, இழுத்துப் பார்த்தேன். இறுகியது. "ஏறலாம்" என்றேன். திருகினேனா என்று நினைவில் இல்லை. திருகவில்லை என்று இப்போது தெரிகிறது.

என் கேள்வி பட்டியலில் வழி இருந்தது, நேரம் இருந்தது, விளக்கு இருந்தது, இது இல்லை.

#19 உடும்பு

எருக்குழி, நீங்கள் இதை எழுதியது பெரிய விஷயம். திட்டப்போவதில்லை, உங்களையும் அவரையும்.

எனக்கு 26 வயதில், நான் பின்னால் ஏறுகிறவனாக இருந்த காலம். என்னைக் கூட்டிப்போனவர் என் மேலதிகாரி. ராப்பலுக்குக் கயிற்றைப் போட்டார். இறங்குகிறவர் நுனியைத் தாண்டி நழுவாமலிருக்கப் போடும் முடிச்சு ஒரு நுனியில் இருந்தது, மறு நுனியில் இல்லை. பார்த்தேன். "சார்" என்று கூப்பிட்டேன். "என்ன?" என்றார். "ஒன்றுமில்லை சார், வெயில் ஜாஸ்தி" என்றேன். அவர் இறங்கினார். கயிறு தரையைத் தொட்டிருந்ததால் எதுவும் ஆகவில்லை. முப்பது வருஷம் ஆகிறது, அந்த "வெயில் ஜாஸ்தி"யை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

#20 வடலி

உடும்பு அண்ணை, "வெயில் ஜாஸ்தி" எண்டதை நான் களவெடுக்கப் போறன். எங்கட ஆக்களுக்கு இனி அதுதான் சங்கேதச் சொல். ஆருக்காவது ஏதாவது பிழையாத் தெரிஞ்சா, ஆரிட்டச் சொல்லப் பயமா இருந்தாலும், "வெயில் கூடவா இருக்கு" எண்டா எல்லாரும் கையை நிப்பாட்டிப்போட்டு முடிச்சு, பினர் எல்லாத்தையும் பாக்க வேணும். இங்கிலாந்தில ஆரும் சும்மா அப்பிடிச் சொல்ல மாட்டினம், அதால குழப்பமும் வராது.

#21 தேன்சிட்டு

வடலி :)

நான் செய்வது இது. ஒவ்வோர் ஆங்கருக்கும் பின்னால் வருகிறவர் வந்ததும், அவர் தன்னை மாட்டிக்கொண்ட பிறகு, என் ஆங்கரை அவர் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். விரலை வைத்து: "சாமான் ஒன்று, இரண்டு, மூன்று. முடிச்சு. உங்கள் பினர், மூடியிருக்கிறது. கருவியின் பினர், மூடியிருக்கிறது." என்னைச் சோதிப்பதாக யாருக்கும் தோன்றாது, பாடம் ஒப்பிப்பதாகத்தான் தோன்றும். பயந்த சுபாவக்காரர்கள்கூட ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்துவிடுவார்கள். இரண்டு தடவை இப்படி என் தப்பு பிடிபட்டிருக்கிறது. ஒரு தடவை பிடித்தது பதினாறு வயதுப் பெண்.

எருக்குழியின் விஷயத்தில்கூட அவர் வந்து சேரும் வரை இது உதவியிருக்காது. ரூம்மேட்டின் அந்த 40 நிமிடத்துக்கு உதவியிருக்கும்.

#22 சாவன்துர்கா

நாங்கள் இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனம். ஹார்னஸ் மாட்டினால் அண்ணன், சார், அத்தான் எல்லாம் கிடையாது. பெயர்தான். தரைக்கு வந்து ஹார்னஸைக் கழற்றியதும் மறுபடி அண்ணன். பக்கத்தில் நாலு குழு இருந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் சரியான ஆளுக்குக் கேட்கும் என்பது ஒரு காரணம். எங்கள் குழுவில் என் சித்தப்பா ஒருவர் ஏறுகிறார், அவரைப் பெயர் சொல்லிக் கத்தும்போது முதல் மாதம் எனக்கு நாக்கு சுருண்டது.

#23 எருக்குழி

அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். தேன்சிட்டு சொன்ன ஒப்பித்தலே எனக்குத் தோதாக இருக்கிறது.

இன்னொரு கேள்வி எல்லோருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து ஏறாமல், ஒருவர் பின் ஒருவராக ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? நான் ரூம்மேட்டுக்குக் கீழே ஏறும்போது அவன் காலில் தட்டி விழுந்த மணல் முழுக்க என் கண்ணில்.

#24 தேன்சிட்டு

நல்ல கேள்வி, தனி இழைக்கே தகும். சுருக்கமாக: லீட் ஒரு கயிற்றில் மேலே போவார், இரண்டாமவர் அந்தக் கயிற்றில் ஏறும்போது தன் பின்னால் மூன்றாமவருக்கான கயிற்றை இழுத்துக்கொண்டு வருவார். கம்பளிப்பூச்சி மாதிரி. நேரம் கூடுதல். ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நகர்கிறார், பின்னல் குறைவு, நீங்கள் கத்தினால் அத்தானுக்கு ஒரு குரல்தான். வழி பக்கவாட்டில் போனால் இரண்டாமவர் தனக்குப் பின்னாலுள்ள கயிற்றை அதே சாமானில் மாட்டிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாமவர் வழுக்கினால் ஊஞ்சல். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். ஆனால் அப்போது ஐந்து பிட்ச்சுக்குப் போகமாட்டேன், மூன்று போதும்.

#25 ஒத்தைக்கயிறு

அடுத்த மாதம் ஆஃப்டர் சிக்ஸ், இவனும் நானும் மட்டும். அதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மரத்தில் கயிறு கட்டிப் பயிற்சி. ப்ருசிக், கயிற்றைக் கட்டிவைத்துக் கையை விடுவிப்பது, கைட் மோடை இளக்குவது. தலைவிளக்கு மூன்று வாங்கியாயிற்று, இரண்டு பேருக்கு.

#26 நாலாம்பிட்ச்

நியூஸ். நேத்து போனேன். மூணாவது பிட்ச், இடப்பக்கம் பாக்குற மூலை, சிவப்பு கேம் இன்னும் அங்கயே. நம்ம தம்பியோட ரூம்மேட் நல்லாவே தள்ளியிருக்கான். நட் டூலோட கொக்கிய விசைல மாட்டி, கேம மேல தள்ளி, கொஞ்சம் இடப்பக்கம் சாச்சேன், அங்க விரிசல் ஒரு நூல் கூடுதல் அகலம். அஞ்சு நிமிஷம். வந்துடுச்சு.

பாறைச் சட்டப்படி கண்டெடுத்தவனுக்குத்தான். ஆனா ஃப்ரீமாண்ட்ல நல்ல பில்டர் காபி வாங்கிக் குடுத்தா பரிசீலிக்கலாம்.

#27 ஒத்தைக்கயிறு

காபி, கூடவே மெதுவடை. சனிக்கிழமை?

#28 எருக்குழி

அத்தான், அக்கா இந்த இழையைப் பார்த்துவிட்டாள். #1-லிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது #16-இல் இருக்கிறாள். போனை எடுங்கள்.